பூமியின் படத்தை வரைந்த கொல்லன் மகன்

1819-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 31-ந் தேதி.

லண்டன் நகரில் ஒரு சிறைச்சாலை. அங்கே அடைபட்டுக் கிடந்தவர்களில் பெரும்பாலோர் திருடர்கள் அல்ல, கொலைகாரர்கள் அல்ல. வாங்கிய கடனைத் திருப்பிக் கொடுக்க முடியாதவர்கள்.

சிறையின் கதவு திறந்தது. 50 வயது மனிதர் ஒருவர் வெளியே வந்தார். 80 நாட்களுக்கு மேல் அவர் உள்ளே இருந்தார்.

நேரே வீட்டுக்குப் போனார். அங்கே அமீனா நின்று கொண்டிருந்தான். வீடு போய்விட்டது. வீட்டில் இருந்த சாமான்களும் ஜப்தி ஆகிவிட்டன. நோயாளி மனைவியையும், தாய் தந்தை இல்லாத மருமகனையும் அழைத்துக் கொண்டு அவர் லண்டனை விட்டே புறப்பட்டார்.

அவர் பெயர் வில்லியம் ஸ்மித்.

நான்கு ஆண்டுகளுக்கு முன்புதான் அவர் ஒரு பெரிய காரியத்தைச் செய்து முடித்திருந்தார். ஒரு நாட்டின் தரைக்கு அடியில் எந்த இடத்தில் எந்தப் பாறை இருக்கிறது என்று காட்டும் பெரிய படத்தைத் தன்னந்தனியாக வரைந்து வெளியிட்டிருந்தார். ஒரு நாடு முழுவதற்கும் அவ்வளவு விவரமாக அப்படி ஒரு படத்தை அதற்கு முன் யாரும் வரைந்ததில்லை.

அப்படிப்பட்டவர் ஏன் சிறைக்குப் போனார்? அவர் கண்டுபிடித்தது என்ன?

கோலிக்குண்டுக் கல்

இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டு மாவட்டத்தில் சர்ச்சில் என்று ஒரு சிறிய கிராமம். அங்கே கொல்லுப்பட்டறை வைத்திருந்த ஓர் ஏழைக் கொல்லனுக்கு 1769-ம் ஆண்டு மார்ச் மாதம் 23-ந் தேதி ஒரு மகன் பிறந்தான். அவன்தான் வில்லியம்.

வில்லியத்துக்கு 8 வயது ஆனபோது தந்தை இறந்துவிட்டார். தந்தையோடு பிறந்தவர் ஒருவர் விவசாயம் செய்து வந்தார். அவர் வீட்டில் பையன் வளர்ந்தான். கிராமப் பள்ளிக்கூடத்துப் படிப்புதான் அவன் படிப்பு. கல்லூரி வாசலை அவன் மிதிக்கவில்லை.

அந்த ஊர் வயல்களில் ஏர் ஓட்டினால் விசித்திரமான கற்கள் கிடைக்கும். சில கற்கள் உருண்டையாக, சிப்பி போல இருக்கும். சிறுவர்கள் அவற்றை வைத்துக் கோலிக்குண்டு ஆடுவார்கள். வில்லியமும் ஆடினான். இன்னொரு வகைக் கல் வட்டமாக, கனமாக இருக்கும். அதன் மேல் நட்சத்திரம் போல ஐந்து கோடுகள் ஓடும். பால் பண்ணைப் பெண்கள் அதை எடைக்கல்லாக வைத்து வெண்ணெய் நிறுப்பார்கள்.

அவை வெறும் கற்கள் அல்ல. ஒரு காலத்தில் கடலில் வாழ்ந்த பிராணிகள் அவை. கோலிக்குண்டுக் கல் சிப்பி போன்ற ஓடுள்ள ஒரு வகைக் கடல் பிராணி. எடைக்கல் ஒரு வகைக் கடல் முள்ளெலி. சுமார் 17 கோடி ஆண்டுகளுக்கு முன்பு அவை உயிரோடு இருந்தன.

சர்ச்சில் கிராமம் கடற்கரையில் இல்லை. கடல் வெகு தூரம். கடலில் வாழ்ந்த பிராணி வயலுக்குள் எப்படி வந்தது? எப்படிக் கல்லாயிற்று? அன்று இதை யாரும் அந்தச் சிறுவனுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. ஆனால் அந்தக் கற்களை அவன் மறக்கவே இல்லை.

நிலம் அளக்கும் வேலை

வில்லியத்துக்குக் கணக்கில் ஆசை. கிடைத்த புத்தகங்களை வைத்துக் கொண்டு தானாகவே கணிதம் படித்தான்.

1787-ம் ஆண்டில் நிலம் அளப்பதற்காக எட்வர்டு வெப் என்ற சர்வேயர் அந்த ஊருக்கு வந்தார். அவர் கண்ணில் இந்த 18 வயது வாலிபன் பட்டான். கெட்டிக்காரப் பையன் என்று கண்டு, தம்மோடு உதவியாளாக வைத்துக் கொண்டார்.

சங்கிலி பிடித்து நிலம் அளப்பது, மேடு பள்ளம் பார்ப்பது, படம் வரைவது ஆகிய எல்லாவற்றையும் ஸ்மித் கற்றுக் கொண்டார். ஊர் ஊராக நடந்தார். ஓர் ஊரில் மண் சிவப்பு. அடுத்த ஊரில் மஞ்சள். இன்னோர் ஊரில் வெள்ளைச் சுண்ணாம்பு மண். ஏன் இப்படி மாறுகிறது? நடக்கும்போதெல்லாம் இந்தக் கேள்வி அவர் மனத்தில் ஓடிக் கொண்டே இருந்தது.

சுரங்கத்துக்குள்ளே

1791-ம் ஆண்டில் சோமர்செட் மாவட்டத்துக்கு வேலையாகப் போனார். அது நிலக்கரி கிடைக்கும் பகுதி. சுரங்கங்களை அளப்பதற்காக ஸ்மித் குழிக்குள் இறங்கினார்.

இறங்கும்போது சுரங்கத்தின் சுவரைப் பார்த்தார். மேலே சிவப்பு மண். அதற்குக் கீழே மணற்கல்லும் களிக்கல்லும் நிலக்கரியும் மாறி மாறி வந்தன. அடுக்கி வைத்தாற்போல ஒன்றன் கீழ் ஒன்றாக இருந்தன.

பக்கத்துச் சுரங்கத்திலும் பார்த்தார். அங்கேயும் அதே அடுக்குகள். அதே வரிசை!

நிலக்கரிக்குப் பக்கத்து அடுக்குகள் வரிசையாக இருப்பது தொழிலாளர்களுக்கு முன்பே தெரியும். ஆனால் சிவப்பு மண்ணுக்கு மேலே உள்ள பாறைகளில் ஒழுங்கு ஒன்றும் கிடையாது என்று அவர்கள் நினைத்தார்கள். ஸ்மித்துக்கு அதில் நம்பிக்கை ஏற்படவில்லை. கீழே ஒழுங்கு இருந்தால் மேலேயும் இருக்கத்தானே வேண்டும்?

பூமி ஏன் அடுக்கடுக்காக இருக்கிறது?

மழைக் காலத்தில் ஆறு கலங்கலாக ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். மலையிலும் மேட்டிலும் உள்ள மண்ணை ஆறு அரித்துக் கொண்டு வருகிறது. கடலில் கலந்ததும் தண்ணீரின் வேகம் குறைகிறது. வண்டலும் மணலும் கடலின் அடியில் படிகின்றன.

ஒரு கண்ணாடிக் குவளையில் தண்ணீரை ஊற்றி, ஒரு பிடி மண்ணைப் போட்டுக் கலக்கி வையுங்கள். சிறிது நேரத்தில் மண் அடியில் படிந்துவிடும். மறுபடியும் வேறு நிற மண்ணைப் போட்டால், அது முதல் மண்ணுக்கு மேலே படியும். எது அடியில் இருக்கிறதோ அது முதலில் வந்தது. எது மேலே இருக்கிறதோ அது பிறகு வந்தது.

கடலின் அடியிலும் இதேதான் நடக்கிறது. ஆயிரம் ஆண்டு, பதினாயிரம் ஆண்டு, லட்சம் ஆண்டு என்று வண்டல் படிந்து கொண்டே இருக்கிறது. மேலே உள்ள பாரம் கீழே உள்ளதை அழுத்துகிறது. தண்ணீர் பிழிந்து வெளியேறுகிறது. மணல் இறுகி மணற்கல் ஆகிறது. களிமண் இறுகிக் களிக்கல் ஆகிறது. சிப்பியும் கிளிஞ்சலும் குவிந்த இடம் சுண்ணாம்புக்கல் ஆகிறது. சதுப்புக் காடுகள் புதைந்த இடம் நிலக்கரி ஆகிறது.

கடலில் செத்து விழும் சிப்பியும் நண்டும் மீனும் அந்த வண்டலில் புதைகின்றன. சதை அழுகிவிடும். ஓடும் எலும்பும் தங்கும். நாளடைவில் அவற்றில் தாது உப்பு ஊறிக் கல்லாகிவிடும். இப்படிக் கல்லாகிப் போன உயிர்களுக்குப் புதைபடிவம் என்று பெயர்.

பூமி அசையாமல் இருப்பது போல நமக்குத் தோன்றுகிறது. உண்மையில் அது மெதுவாக அசைந்து கொண்டிருக்கிறது. கடலின் அடி உயர்ந்து நிலம் ஆகும். நிலம் தாழ்ந்து கடல் ஆகும். தட்டையாகப் படிந்த அடுக்குகள் சாய்ந்துவிடும். சில இடங்களில் மடிந்தும் போகும். கடல் பிராணியின் ஓடு உள்நாட்டு வயலில் கிடைப்பதற்குக் காரணம் இதுதான்.

இவற்றில் பலவற்றை அறிஞர்கள் சிலர் அப்போதே ஊகித்திருந்தார்கள். ஆனால் எந்த அடுக்கு எந்த ஊரில் இருக்கிறது, எதற்கு அடுத்து எது வரும் என்று சொல்ல ஆள் இல்லை.

கால்வாய் வெட்டியபோது

அந்தக் காலத்தில் ரயில் கிடையாது. நிலக்கரியைக் கொண்டு போகப் படகுதான் சுலபம். அதனால் சோமர்செட் முதலாளிகள் ஒரு கால்வாய் வெட்டத் திட்டம் போட்டார்கள். அதற்கு இடம் பார்த்து அளக்கும் வேலை ஸ்மித்துக்குக் கிடைத்தது.

1794-ல் மற்ற ஊர்க் கால்வாய்களையும் சுரங்கங்களையும் பார்த்து வரக் கம்பெனியார் இருவர் புறப்பட்டார்கள். ஸ்மித்தும் கூடப் போனார். குதிரை வண்டியில் சுமார் 900 மைல் பிரயாணம். ஸ்மித்தின் கண் முழுவதும் குன்றுகளின் மேலேயே இருந்தது. தன் ஊர்ப்பக்கம் பார்த்த அதே பாறைகள், அதே வரிசையில் வடக்கேயும் ஓடுவதைக் கண்டார். அவர் மனத்தில் இருந்த சந்தேகம் நீங்கியது.

1795-ல் கால்வாய் வேலை தொடங்கியது. இரண்டு பள்ளத்தாக்குகளில் இரண்டு கிளைகள். மைல் கணக்கில் பூமியைக் கீறி வெட்டினார்கள். பூமியின் வயிற்றை அறுத்துப் பார்க்க ஸ்மித்துக்கு இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்குமா?

அடுக்குகள் எல்லாம் கிழக்குப் பக்கமாகச் சாய்ந்து கிடந்தன. தட்டில் சாய்த்து அடுக்கிய ரொட்டித் துண்டுகளைப் போல என்று அவர் விளக்கினார். நாம் சரிந்து கிடக்கும் புத்தக வரிசையை நினைத்துக் கொள்ளலாம். வரிசையின் மேல் விரலை ஓட்டினால் ஒவ்வொரு புத்தகத்தின் ஓரமும் தட்டுப்படும் அல்லவா? அதுபோல மேற்கிலிருந்து கிழக்கே நடந்தால் ஒவ்வோர் அடுக்கும் தரையில் தலைகாட்டும். கிழக்கே போகப் போகப் புதிய அடுக்கு. மேற்கே போகப் போகப் பழைய அடுக்கு.

கிளிஞ்சல் காட்டிய அடையாளம்

ஆனால் ஒரு சிக்கல் இருந்தது.

ஒரே மாதிரியான களிமண் அடுக்கு மேலேயும் வரும், கீழேயும் வரும். நிறம் ஒன்று. தொட்டுப் பார்த்தாலும் ஒன்று. ஒரு பிடி களிமண்ணைக் கையில் கொடுத்தால் அது எந்த அடுக்கு என்று எப்படிச் சொல்வது?

சிறு வயதில் கோலிக்குண்டு ஆடிய கற்கள் அவருக்கு இப்போது உதவிக்கு வந்தன.

வெட்டிய இடத்திலெல்லாம் கிடைத்த புதைபடிவங்களை அவர் பொறுக்கினார். எந்த அடுக்கில் கிடைத்தது என்று குறித்து வைத்தார். பிறகு ஒப்பிட்டுப் பார்த்தார். களிமண் ஒன்று போலவே இருந்தாலும் அதற்குள் இருந்த பிராணிகள் வேறு வேறாக இருந்தன. ஓர் அடுக்குக்கே உரிய சிப்பி மற்ற அடுக்கில் இல்லை. பத்து மைல் தள்ளிப் போய்ப் பார்த்தாலும், நூறு மைல் தள்ளிப் போய்ப் பார்த்தாலும், அதே அடுக்கில் அதே பிராணிகள்!

போலீசார் கைரேகையைக் கொண்டு ஆளைக் கண்டுபிடிக்கிறார்கள். அது போல, புதைபடிவத்தைக் கொண்டு அடுக்கைக் கண்டுபிடிக்கலாம் என்று ஸ்மித் தெரிந்து கொண்டார். 1796-ம் ஆண்டு ஜனவரி மாதம் 5-ந் தேதி, ஒரு விடுதியில் தங்கியிருந்தபோது இதைக் காகிதத்தில் எழுதி வைத்தார். அப்போது அவருக்கு வயது 26.

பிராணிகள் ஏன் அடுக்குக்கு அடுக்கு மாறின என்று அவருக்குத் தெரியாது. உயிர்கள் காலப்போக்கில் மாறி வந்திருக்கின்றன என்று டார்வின் விளக்கியது 1859-ல்தான். அப்போது ஸ்மித் இறந்து 20 ஆண்டுகள் ஆகிவிட்டன.

விருந்தில் எழுதிய பட்டியல்

1799-ல் கால்வாய்க் கம்பெனி ஸ்மித்தை வேலையிலிருந்து நீக்கியது. அதற்கு முந்திய ஆண்டுதான் அவர் கடன் வாங்கி ஒரு சிறிய நிலம் வாங்கியிருந்தார். அந்தக் கடன் கடைசி வரை அவரைத் துரத்தியது.

அந்த ஆண்டு பாத் நகரில் இரண்டு பாதிரியார்களின் நட்பு அவருக்குக் கிடைத்தது. ஒருவர் பெயர் ரிச்சர்ட்சன். அவர் நிறையப் புதைபடிவங்களைச் சேர்த்து வைத்திருந்தார். எது எங்கிருந்து வந்தது என்ற வரிசை அவருக்குத் தெரியாது. ஸ்மித் ஒவ்வொரு கல்லாகக் கையில் எடுத்து, இது இந்த அடுக்கு, அது அந்த அடுக்கு என்று பிரித்து வைத்துவிட்டார். ரிச்சர்ட்சன் அசந்து போனார்.

இன்னொருவர் டவுன்சென்ட். அவர் வீட்டில் விருந்து நடந்த அன்று, ஸ்மித் சொல்லச் சொல்ல ரிச்சர்ட்சன் எழுதினார். மேலே வெள்ளைச் சுண்ணாம்பு முதல், கீழே நிலக்கரி வரை 23 அடுக்குகள். ஒவ்வோர் அடுக்கிலும் இருக்கும் புதைபடிவங்கள் என்ன என்பதும் அதில் இருந்தது.

அந்தப் பட்டியலைப் பலர் கையால் நகல் எடுத்தார்கள். ஒருவர் கையிலிருந்து ஒருவர் கைக்குப் போயிற்று. ஸ்மித் யாருக்கும் மறுக்கவில்லை. காசும் கேட்கவில்லை. அதனால் அவருடைய கண்டுபிடிப்பு பரவியது. அவருடைய பெயர் அந்த அளவுக்குப் பரவவில்லை.

ஊர் ஊராக

பிறகு 15 ஆண்டுகள் ஸ்மித் ஓயாமல் அலைந்தார். சதுப்பு நிலத்தில் தண்ணீரை வடிப்பது, கடல் புகாமல் கரை கட்டுவது, நிலக்கரி தோண்டலாமா என்று யோசனை சொல்வது ஆகியவை அவர் தொழில். பாத் நகரின் வெந்நீர் ஊற்று 1810-ல் வற்றியபோது, அவரைத்தான் கூப்பிட்டார்கள். தண்ணீர் எங்கே கசிந்து ஓடுகிறது என்று தோண்டிக் கண்டுபிடித்து அடைத்தார். ஊற்று மறுபடியும் பெருகியது.

அவருடைய யோசனையால் பலருக்குப் பணம் மிஞ்சியது. கறுப்பாக ஏதாவது களிமண் தென்பட்டால், அடியில் நிலக்கரி இருக்கும் என்று நம்பிப் பணத்தைக் கொட்டித் தோண்டுகிறவர்கள் அந்தக் காலத்தில் நிறைய இருந்தார்கள். ஸ்மித் மண்ணில் இருக்கும் சிப்பியை எடுத்துப் பார்ப்பார். நிலக்கரி அடுக்கு எவ்வளவோ ஆழத்தில் இருக்கிறது, வீணாகத் தோண்ட வேண்டாம் என்று சொல்லிவிடுவார்.

சில ஆண்டுகளில் 10,000 மைல் வரை பிரயாணம் செய்தார். குதிரையிலும், வண்டியிலும், கால்நடையாகவும் போனார். போகிற இடமெல்லாம் பாறையைப் பார்த்துத் தேசப்படத்தில் குறித்தார். சம்பாதித்த பணம் அதிலேயே கரைந்தது.

எட்டரை அடிப் படம்

1815-ம் ஆண்டு அந்தப் படம் வெளிவந்தது. இங்கிலாந்து, வேல்ஸ் நாடுகள் முழுவதும், ஸ்காட்லாந்தின் ஒரு பகுதியும் அதில் இருந்தன. மொத்தம் 15 தாள்கள். சேர்த்து வைத்தால் உயரம் எட்டரை அடி. அகலம் ஆறு அடிக்கு மேல். ஓர் அங்குலத்துக்கு ஐந்து மைல் என்பது அளவு.

ஒவ்வொரு பாறை அடுக்குக்கும் ஒவ்வொரு நிறம். எல்லாம் கையால் தீட்டியது. ஒவ்வோர் அடுக்கும் தொடங்கும் ஓரத்தில் நிறம் அழுத்தமாக இருக்கும். போகப் போக வெளுக்கும். அதைப் பார்த்தாலே எந்த அடுக்கு எதன் மேல் ஏறிக் கிடக்கிறது என்று புரியும். இன்றைய நிலவியல் படத்துக்குப் பக்கத்தில் அதை வைத்துப் பார்த்தால், பெரும்பாலும் பொருந்தி வருகிறது. ஒரு தனி மனிதர் நடந்து நடந்து பார்த்து வரைந்தது அது.

நாட்டின் கலைச் சங்கம் ஒன்று அவருக்கு 50 கினி பரிசு கொடுத்தது. சுமார் 400 படங்கள் தயாராயின. இனி நல்ல காலம் பிறக்கும் என்று ஸ்மித் நினைத்திருப்பார்.

கனவான்களின் சங்கம்

லண்டனில் 1807-ல் ஒரு நிலவியல் சங்கம் ஏற்பட்டிருந்தது. அதில் இருந்தவர்கள் பெரும்பாலும் பணக்காரர்கள், படித்த கனவான்கள். கொல்லன் மகனும், கூலிக்கு நிலம் அளப்பவருமான ஸ்மித்துக்கு அதில் இடம் இல்லை.

சங்கத்தின் தலைவர் கிரீனோ. பெரும் செல்வந்தர். பார்லிமெண்டு மெம்பராக இருந்தவர். 1808-ல் அவரும் சிலரும் ஸ்மித்தின் வீட்டுக்கு வந்தார்கள். அவர் சேர்த்திருந்த புதைபடிவங்களைப் பார்த்தார்கள். படங்களைப் பார்த்தார்கள். போய்விட்டார்கள்.

பிறகு அவர்களே ஒரு படம் தயாரிக்கத் தொடங்கினார்கள். 1820-ல் அது வெளிவந்தது. ஸ்மித்தின் படத்திலிருந்து அதில் பல விஷயங்கள் எடுக்கப்பட்டிருந்தன. ஆனால் அவர் பெயர் இல்லை. விலையும் ஸ்மித்தின் படத்தைவிடக் குறைவு. அந்தப் படம் வரப்போகிறது என்ற பேச்சே ஸ்மித்தின் விற்பனையைக் கெடுத்தது.

இதற்கு நடுவில் இன்னொரு நஷ்டம். ஸ்மித் கல் வெட்டி விற்கும் தொழிலில் பணம் போட்டிருந்தார். கல்லை அறுக்கப் பட்டறை வைத்தார். கல்லைக் கொண்டு வரத் தண்டவாளம் போட்டார். வெட்டிப் பார்த்தால் கல் மட்டமான கல்! ஊருக்கெல்லாம் கல்லைப் பற்றி யோசனை சொன்னவர், சொந்தக் காரியத்தில் ஏமாந்தார்.

எல்லாக் குற்றத்தையும் பிறர் மேல் போட முடியாது. பண விஷயத்தில் ஸ்மித் சாமர்த்தியசாலி அல்ல. வரவுக்கு மிஞ்சிச் செலவு செய்தார். லண்டனில் பெரிய வீடு வைத்திருந்தார்.

கடனை அடைக்கத் தன் உயிர் போன்ற புதைபடிவங்களையே விற்றார். 2,000-க்கு மேற்பட்ட கற்கள். பிரிட்டிஷ் மியூசியம் அவற்றை வாங்கிக் கொண்டது. மொத்தம் கிடைத்தது 700 பவுன். அதுவும் போதவில்லை. 1819-ம் ஆண்டு ஜூன் மாதம் 11-ந் தேதி சிறைக் கதவு அவருக்குப் பின்னால் மூடியது.

வடக்கே போனார்

சிறையிலிருந்து வந்த பிறகு அவர் கொஞ்ச காலம் நிலையாக ஓரிடத்தில் தங்கவில்லை. வடக்கே யார்க்ஷயர் பகுதியில், வேலை கிடைத்த ஊரில் தங்கினார்.

கூட இருந்த மருமகன் ஜான் பிலிப்ஸ், ஸ்மித்தின் சகோதரி மகன். பெற்றோரை இழந்த அவனை ஸ்மித்தான் வளர்த்தார். மாமனும் மருமகனும் முதுகில் மூட்டையைக் கட்டிக் கொண்டு மலை மலையாக நடந்தார்கள். அந்த நடையே பையனுக்குப் பள்ளிக்கூடம். பின்னாளில் அவன் ஆக்ஸ்போர்டு பல்கலைக் கழகத்தில் நிலவியல் பேராசிரியர் ஆனான். மாமனின் வாழ்க்கை வரலாற்றை எழுதியவனும் அவனே.

ஸ்கார்பரோ என்ற கடற்கரை ஊரில் ஸ்மித் சொற்பொழிவுகள் செய்தார். அவர் சொன்ன யோசனைப்படி அங்கே 1829-ல் வட்ட வடிவமான ஒரு மியூசியம் கட்டினார்கள். பூமியில் எந்த வரிசையில் அடுக்குகள் இருக்கின்றனவோ, அதே வரிசையில் அலமாரித் தட்டுகளில் புதைபடிவங்களை வைத்தார்கள். அந்தப் பகுதியில் பெரிய நிலச்சுவான்தாரான ஜான்ஸ்டன், 1828-ல் அவருக்குத் தம் பண்ணையில் மானேஜர் உத்தியோகம் கொடுத்தார். நெடுநாளைக்குப் பிறகு ஸ்மித் கவலை இல்லாமல் சாப்பிட்டார்.

தேடி வந்த மரியாதை

காலம் மாறியது. நிலவியல் சங்கத்தில் புதிய தலைமுறை வந்தது. ஸ்மித்தின் முறையைக் கையாண்டு படித்து வளர்ந்தவர்கள் அவர்கள். இந்த முறையைக் கண்டுபிடித்தவர் யார் என்று கேட்டார்கள். பழைய காகிதங்களைப் பார்த்தார்கள். 1799-ல் எழுதிய பட்டியல் சாட்சி சொல்லிற்று.

1831-ல் அந்தச் சங்கம் வொல்லாஸ்டன் பதக்கத்தை முதல் முதலாக வழங்கியது. அதைப் பெற்ற முதல் மனிதர் வில்லியம் ஸ்மித்! எந்தச் சங்கத்தில் அவருக்கு இடம் இல்லையோ, அதே சங்கம் கொடுத்த மரியாதை அது. சங்கத் தலைவர் செட்விக், இங்கிலாந்து நிலவியலின் தந்தை என்று அவரைப் போற்றினார்.

அடுத்த ஆண்டு அரசர் அவருக்கு ஆண்டுக்கு 100 பவுன் பென்ஷன் கொடுத்தார். 1835-ல் டப்ளின் பல்கலைக் கழகம் டாக்டர் பட்டம் அளித்தது. கிராமப் பள்ளிக்கூடத்தோடு படிப்பை முடித்தவர் டாக்டர் ஸ்மித் ஆனார்.

1834-ல் லண்டன் பார்லிமெண்டு கட்டிடம் எரிந்து போயிற்று. புதிய கட்டிடத்துக்கு நல்ல கல் தேடி 1838-ல் ஒரு குழுவை அனுப்பினார்கள். அந்தக் குழுவில் ஸ்மித்தும் ஒருவர். 69 வயதில் நாடு முழுவதும் கல் பார்த்து வந்தார்.

மறு ஆண்டு பர்மிங்காம் நகரில் விஞ்ஞானிகள் மாநாடு. அதற்குப் போகும் வழியில் நார்தாம்ப்டன் நகரில் ஒரு நண்பர் வீட்டில் தங்கினார். அங்கே சளி பிடித்துப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. 1839-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 28-ந் தேதி உயிர் பிரிந்தது. சிறையை விட்டு வெளியே வந்து அப்போது ஏறக்குறைய 20 ஆண்டுகள்.

நம் ஊரிலும்

ஸ்மித்தின் முறை உலகம் முழுவதும் பரவியது. நம் தமிழ்நாட்டுக்கும் வந்தது.

அரியலூர்ப் பக்கம் நிலத்தைத் தோண்டினால் கல்லாகிப் போன சிப்பிகளும், சுருள் சுருளான கடல் பிராணிகளின் ஓடுகளும் கிடைக்கின்றன. ஹென்றி பிளான்போர்டு என்ற நிலவியலார் அந்தப் பகுதியை ஆராய்ந்து 1862-ல் அறிக்கை வெளியிட்டார். அடியில் உள்ளதற்கு ஊட்டத்தூர் அடுக்கு, நடுவில் உள்ளதற்குத் திருச்சிராப்பள்ளி அடுக்கு, மேலே உள்ளதற்கு அரியலூர் அடுக்கு என்று பெயர் வைத்தார். அந்த அடுக்குகளைப் பிரித்து அறியப் புதைபடிவங்களே பெரிய துணை. சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன்பு அங்கே கடல் இருந்தது. இன்று அரியலூரில் சிமெண்டு செய்வதற்கு வெட்டி எடுக்கும் சுண்ணாம்புக்கல், அந்தப் பழைய கடல் விட்டுச் சென்ற செல்வம்.

ஓர் அடுக்குக்கு இத்தனை வயது என்று ஸ்மித்தால் சொல்ல முடியவில்லை. எது முந்தியது, எது பிந்தியது என்று மட்டும் சொன்னார். இருபதாம் நூற்றாண்டில்தான் பாறைக்குள் இருக்கும் கதிர்வீச்சுப் பொருள்களைக் கொண்டு வயதைக் கணக்கிடக் கற்றுக் கொண்டார்கள். பூமியின் வயது சுமார் 454 கோடி ஆண்டு என்று அப்படித்தான் தெரிந்தது. ஆனால் ஸ்மித் போட்ட வரிசை மாறவில்லை. அந்த வரிசையின் மேல்தான் வயதை எழுதினார்கள்.

இரண்டு படங்கள்

கிரீனோவின் படம் 1865-ல் மறுபடியும் அச்சானது. அது வில்லியம் ஸ்மித்தின் படத்தை ஆதாரமாகக் கொண்டது என்ற விவரம் அப்போது அதில் சேர்க்கப்பட்டது. அதைப் பார்க்க ஸ்மித்தும் இல்லை, கிரீனோவும் இல்லை.

2014-ல் அந்த நிலவியல் சங்கத்தின் பழைய காகிதங்களுக்கு நடுவே, ஸ்மித்தின் படத்தின் முதல் பிரதிகளில் ஒன்று அகப்பட்டது. வெயிலும் வெளிச்சமும் படாமல் இருந்ததால் நிறம் மங்காமல் இருந்தது. மறு ஆண்டு, படம் வெளிவந்த 200-வது ஆண்டில், அதைச் செப்பனிட்டு மக்கள் பார்வைக்கு வைத்தார்கள்.

லண்டனில் அந்தச் சங்கத்தின் மாளிகையில் ஸ்மித்தின் படமும் கிரீனோவின் படமும் பக்கத்தில் பக்கத்தில் இடம் பெற்றன. 

கிணறு வெட்டும்போதோ, சாலைக்காகக் குன்றைக் குடையும்போதோ அந்தச் சுவரைச் சற்று நின்று பாருங்கள். மேலே ஒரு நிறம், கீழே ஒரு நிறம் தெரியும். கோடி ஆண்டுக் கதை அங்கே வரிசையாக இருக்கிறது. அதைப் படிக்க ஸ்மித்திடம் இருந்தவை இரண்டு கண்கள், இரண்டு கால்கள், சோர்வடையாத மனம். அவ்வளவுதான்.